அத்தை மாட்டிய பூட்டு

என் மாமியாரைப் பற்றி எங்கள் உறவில் ஆளுக்கொரு கருத்து உண்டு. வாய் நீளம் என்பார்கள், திமிர் என்பார்கள், பொம்பளை மாதிரியா இருக்கு என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் கேட்டுச் சலித்துவிட்டேன். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை யார் முகத்துக்கு நேராகவும் சொல்லத் தயார்.

அத்தை சில்லர் மெக்கானிக். பெரிய கட்டடங்களின் மொட்டை மாடியில் லாரி நீளத்துக்கு ஓர் இயந்திரம் உறுமிக்கொண்டு நிற்குமே, அதுதான் சில்லர். அது தண்ணீரைக் குளிரவைக்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியே மாடி மாடியாக இறங்கி அறைகளைக் குளிரவைக்கும். அத்தை இந்தத் தொழிலுக்குள் வந்தது துடைப்பத்தோடு. ஒரு கட்டடத்தின் இயந்திர அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவரை, ஆள் ஒல்லியாக இருக்கிறாரே என்று அங்கிருந்த மெக்கானிக் இடுக்கில் நுழைந்து குழாய்களுக்குள் பிரஷ் விட்டுத் தேய்க்கச் சொன்னார். இவர் தேய்த்துக்கொண்டே இது ஏன், அது எதுக்கு என்று கேட்டுக் கேட்டு அந்த மனிதரின் உயிரை வாங்கினார். தொழில் பிடிபட்டதும் மெக்கானிக் வேலை கேட்டார். "பொம்பளைக்கு எதுக்கும்மா அது?" என்றார்கள். துடைப்பத்தை அவர்கள் மேசை மேலேயே சாத்தி வைத்துவிட்டு வெளியே வந்து, பழைய ஸ்பேனர் செட் ஒன்றை வாங்கிக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்கிவிட்டார்.

அவர் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பூட்டு இருக்கும். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம். இயந்திரத்தில் கை வைக்கிறவர் சுவிட்சை இறக்கி, அதில் தன் பூட்டை மாட்ட வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. மாட்டியவரைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. இந்தப் பூட்டு வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை அத்தை ஃபேனுக்குள் கை விட்டிருந்தபோது கீழே எவனோ தன் பாட்டுக்குச் சுவிட்சைப் போட்டுவிட, மோதிர விரலின் நுனி போய்விட்டது. "ஒரு நகம் வெட்டுற வேலை மிச்சம்" என்று சிரிப்பார். என்னால் அதற்குச் சிரிக்க முடிந்ததில்லை.

என் அப்பாவுக்கு மூன்று மாடித் துணிக்கடை. நான் அதில் மேனேஜர். அதாவது அப்பா சொன்னதை மற்றவர்களிடம் போய்ச் சொல்கிறவன். குளிர் மாதங்களில் கடையின் சில்லர் இயந்திரத்தை நிறுத்தி வைப்போம். இந்த முறை வெயில் தொடங்கும் நேரத்தில் நான்காவது மாடியும் கட்டி முடித்து, திறப்பு விழாவுக்கு ஊர்ப் பெரிய மனிதர்களை எல்லாம் அழைத்துவிட்டார் அப்பா. முந்தின நாள் மத்தியானம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. "சம்பந்தியம்மாவ வந்து மெஷினப் போட்டுட்டுப் போகச் சொல்லுடா" என்றார், ஏதோ விளக்கைப் போடுகிற மாதிரி.

அத்தை வந்தார். அப்பாவும் நானும் கூடவே மொட்டை மாடிக்கு ஏறினோம். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். தனி லைனில் இருக்கும் பம்பை ஓட்டித் தண்ணீர் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்த்தார். கடைசியாகக் கம்ப்ரஸரின் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தவர், வைத்த கையை எடுக்கவில்லை.

"மெயின யாரு ஆஃப் பண்ணினது?"

"நான்தான்" என்றார் அப்பா பெருமையாக. "ஓடாத மெஷினுக்கு எதுக்குங்க கரண்ட்டு?"

வினையே அங்கேதான். கம்ப்ரஸரின் அடியில் சின்ன ஹீட்டர் ஒன்று உண்டு. இயந்திரம் தூங்கும்போதும் அது விழித்திருந்து எண்ணெயைச் சூடாக வைத்திருக்க வேண்டும். எண்ணெய் ஆறிப்போனால் குளிரூட்டும் கேஸ் போய் அதில் கலந்துவிடும். அந்த நிலையில் சுவிட்சைப் போட்டால் எண்ணெய் சோப்பு நுரை மாதிரிப் பொங்கிப் போய்விடும். உள்ளே இரும்போடு இரும்பு வறட்சியாக உரசி எல்லாம் நாசமாகும்.

"ஹீட்டர் ஒரு முழு நாள் ஓடணும், சம்பந்தி. நாளைக்கு மத்தியானம்தான் போட முடியும்."

"நாளைக்குக் காலைல திறப்பு விழாங்க!"

"தாராளமா திறங்க. மெஷின் மத்தியானம்."

"வர்றவங்க வேர்த்து ஒழுகிக்கிட்டு நிக்கணுமா? என் மானம் என்ன ஆகுறது? மெஷின் என்னோடது. கெட்டா எனக்குத்தானே நஷ்டம்? போடுங்க!"

"மெஷின் உங்களோடது. கை என்னோடது. தெரிஞ்சே ஒரு மெஷினக் கொல்றதுக்கு இந்தக் கை வராது."

சொல்லிவிட்டு அத்தை போய் மெயினைப் போட்டார். ஹீட்டருக்குத் தனி ஒயர், அதற்குக் கரண்ட் போனது. கம்ப்ரஸருக்குப் போகும் சுவிட்சை மட்டும் கீழே இறக்கி, சிவப்புப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்பாவுக்குத் தலைக்கேறிவிட்டது. "குழாய் கழுவுறவ வீட்டுல பொண்ணு எடுக்காதேன்னு அப்பவே நாலு பேர் சொன்னாங்க. நான்தான் கேக்கல" என்றார். படியருகே என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கேட்டுவிட்டாள். நேராக வந்து தன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

நான்காவது மாடியில் கடைசி நேர வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்களிடமிருந்து அப்பா கம்பி வெட்டும் பெரிய கட்டர் ஒன்றை வாங்கி வந்து என் கையில் திணித்தார். அவருக்குத் தோள்பட்டை வலி. அவர் கோபம் எப்போதும் என் கை வழியாகத்தான் நடக்கும்.

"வெட்டுடா."

அத்தை நகர்ந்து வழி விட்டார். "வெட்டுறதுன்னா வெட்டுங்க, மாப்பிள்ளை. நான் தடுக்க மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் என்னை அத்தைன்னு கூப்பிட வேணாம்."

கட்டர் கனமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அப்பா சொல்லி நான் செய்யாத வேலை என்று ஒன்றுமே இல்லை. அது எனக்கே அப்போதுதான் உறைத்தது, உறைத்ததும் ஆத்திரமாக வந்தது. கட்டரைக் கீழே வைத்துவிட்டு மடமடவென்று இறங்கிப் போனேன். இன்னும் பெரிய கட்டர் கொண்டுவரப் போகிறேன் என்று அப்பா நினைத்திருப்பார். நான் என் மேசை டிராயர் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தேன். சுவிட்சில் இன்னொரு துளை இருந்தது. சிவப்புப் பூட்டுக்குப் பக்கத்தில் அதை மாட்டி அழுத்தினேன்.

"இப்ப ரெண்டையும் வெட்டணும்பா. நீங்களே வெட்டுங்க" என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

அப்பா கட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விறுவிறுவென்று கீழே போய்விட்டார்.

மறுநாள் திறப்பு விழா நடந்தது. திறந்தே பழக்கமில்லாத ஜன்னல்களை எல்லாம் என் மனைவியும் நானும் தட்டித் திறந்து வைத்தோம். பெரிய மனிதர்கள் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, துணிகளைப் புரட்டிப் பார்த்து, குளிர்பானம் குடித்துவிட்டுப் போனார்கள். யாருடைய மானமும் போகவில்லை. வேர்வை போனது, அவ்வளவுதான்.

மத்தியானம் அத்தை வந்து கம்ப்ரஸரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தலையாட்டிவிட்டுத் தன் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அப்பா மாடி ஏறி வந்து தள்ளியே நின்றார். கழுத்துப் பட்டை நனைந்திருந்தது.

"உன் மாமியாரக் கேளு, இப்பவாவது போடலாமான்னு" என்றார் என்னிடம்.

அத்தையே பதில் சொன்னார். "என்னைக் கேக்காதீங்க, சம்பந்தி. உங்க பையன் பூட்டு இன்னும் தொங்குது. அதை நான் தொடக் கூடாது. அவரைக் கேளுங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். என்னிடம் எதையும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமினார், பம்பைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"திறக்கிறியாப்பா?" என்றார்.

"திறக்கிறேன்" என்றேன். "நீங்க சொன்னதுக்காக இல்ல. எண்ணெய் சூடாயிடுச்சு."