கடைசிக் கோட்டையில் ஒரே ஓர் உயிர்

தயவுசெய்து இந்தப் பதிவை யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக, என் அம்மாவைத் தெரிந்த யாருக்கும்.

இன்று மத்தியானம் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பழைய பேப்பர் வாங்கும் லோரி வந்தது. அம்மா நேராக உள்ளே போய், அண்ணனுடைய பழைய கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வேணாம்மா! அண்ணன் கேட்டா என்ன சொல்றது?"

"அவன்தான் ரவாங்குக்கு வேலைக்குப் போயிட்டானே. நீ படிக்கிற லட்சணத்துக்கு இது ஒண்ணுதான் குறைச்சல். இன்னொரு தடவ உன் கையில பார்த்தேன், அடுத்த லோரியில ஏத்திடுவேன்."

தலையாட்டினேன். அம்மா பெட்டியை மறுபடியும் அலமாரியில் வைத்தார்.

இப்போது அந்தப் பெட்டி என் அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. டிவியில் சத்தம் இல்லை. கதவிடுக்கில் துண்டு.

முதல் தடவையாகக் கடைசிக் கோட்டைக்கு வந்திருக்கிறேன். அண்ணனே இவ்வளவு தூரம் வந்ததில்லை. மிச்சம் ஒரே ஓர் உயிர். இந்த விளையாட்டில் சேவ் கிடையாது. அணைத்தால் மறுபடியும் முதலிலிருந்துதான்.

எனக்குத் தெரிந்த டிப்ஸைச் சொல்லிவிடுகிறேன். இடது மூலையில் நின்றால், கோட்டையைக் காக்கும் டிராகனின் நெருப்பு படாது. அது மூச்சை இழுக்கும்போதுதான் அடிக்க வேண்டும். ஆனால் வாலைச் சுழற்றுகிறதே, அதற்கு என்ன செய்வது? அண்ணனைக் கேட்டேன். "அம்மாகிட்ட மாட்டிக்காத லா" என்று மட்டும் பதில் வந்தது.

பாஸ் பட்டனை அழுத்தி ஆட்டத்தை அப்படியே நிற்கவைத்துவிட்டு எழுதுகிறேன். வெளியே இடி தொடங்கிவிட்டது. இடி என்றால் அம்மா வீட்டிலுள்ள பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிடுவார்.

அறிவுரைகளை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன். இப்போது குதிப்பதா, குனிவதா? ஒரு சொல் போதும்.

கதவைத் தட்டுகிறார்.

"பிளக்கெல்லாம் கழட்டிட்டியாடி? கதவத் தொற!"

சீக்கிரம் சொல்லுங்கள், குதிக்கவா, குனி