தழும்புக்கு நாலு விரல் மேலே

தகடு வெட்டுகிற என் பிரஸ் மெஷினின் விளிம்பில், பழைய லாரி டியூபை மடித்துக் கயிற்றால் கட்டிய ஒரு திண்டு இருக்கிறது. நான் கட்டியதல்ல, அண்ணாத்தே கட்டியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் அவர் அண்ணாத்தேதான், முதலாளி உட்பட. இடது காலில் நின்றுகொண்டு வலது காலால் பெடலை மிதிக்கிற வேலை இது. ஷிஃப்ட் முழுக்க ஒற்றைக் காலில் நிற்க முடியாது என்பதால் இடது தொடையை மெஷின் விளிம்பில் முட்டுக் கொடுத்துக்கொள்வோம். சில வருஷத்தில் அந்த இடம் காய்த்துத் தழும்பாகிவிடும். பிரஸ்காரன் என்பதற்கு வேறு அடையாள அட்டை தேவையில்லை.

அதனால்தான் அண்ணாத்தேயின் தொடையில் கட்டி வந்தபோது யாரும் பயப்படவில்லை. ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றும்போது, "இன்னாடா, எனக்கு மட்டும் இம்மாம் பெருசா கீது?" என்று லுங்கியை விலக்கிக் காட்டினார். நாங்களும் ஆளுக்கொரு தொடையைக் காட்டினோம். அதிக வருஷம் சாய்ந்தவருக்குப் பெரிதாகத்தானே இருக்கும் என்று சிரித்தோம். எலுமிச்சம்பழ அளவு இருந்தது, வலியே இல்லை. வலிக்காத ஒன்றுக்கு லீவு போடுகிற ஆட்கள் இல்லை நாங்கள். எலுமிச்சை ஆரஞ்சுப்பழ அளவுக்கு வளர்ந்தபோதும், மெஷின் உரசுவதால்தான் என்று நினைத்து, அவர் செய்த வைத்தியம் இந்த டியூபைக் கட்டியதுதான்.

பிறகு வீட்டருகே ஒரு கிளினிக்கில் காட்டினார். வெறும் கொழுப்புக் கட்டி, சனிக்கிழமை கீறி எடுத்துவிட்டால் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்றார்களாம். அவருக்குச் சந்தோஷம். அண்ணிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "இன்னொரு டாக்டராண்ட காட்டிட்டு அப்பால கீறிக்கோ" என்று பிடிவாதமாக நின்று, வெள்ளிக்கிழமை காலையில் அரசு ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனார். துணைக்கு நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. தொடையை இறுக்கச் சொல்லி, கட்டியை அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. "மெஷின்ல எந்த இடத்துல சாய்வீங்க? கை வெச்சுக் காட்டுங்க" என்றார். அண்ணாத்தே தழும்பின் மேல் கை வைத்தார். டாக்டரம்மா கட்டியின் மேல் தன் கையை வைத்தார். இரண்டு கைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. அத்தனை பேர் அத்தனை நாள் பார்த்தோம், ஒருவன் கண்ணிலும் அது படவில்லை.

"இது சாய்ஞ்சதால வந்தது இல்ல. ஆழத்துல இருக்கு, வளருது. வலிக்கலைன்னு லேசா விட முடியாது. நாளைக்குக் கத்தி வெக்காதீங்க. கெட்ட கட்டியா இருந்து, தெரியாம கீறிட்டா சுத்தி இருக்கிற சதையெல்லாம் கெட்டுடும். அப்புறம் காலைக் காப்பாத்தறது கஷ்டம்."

"கால் பூடுமா மேடம்?" என்றார் அண்ணாத்தே. அவர் குரல் அப்படி மெலிந்து நான் கேட்டதில்லை.

"முதல்ல ஸ்கேன் எடுப்போம்" என்று மட்டும் சொன்னார்.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரே இடம் குறித்துக் கொடுக்க, ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவர் வேலைக்கு வந்தார். வலது தொடையில் சாய்ந்து இடது காலால் மிதித்தார். பழகாத கால், பெடல் சத்தம் தாளம் தப்பிக்கொண்டே இருந்தது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சதையில் வந்த புற்றுநோய்தான். நுரையீரலுக்குப் பரவவில்லை என்பது ஒரு ஆறுதல். ஆனால் கட்டி காலின் பெரிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. திறந்து பார்க்கும்போது குழாயைச் சுற்றியிருந்தால் காலையே எடுக்க நேரலாம் என்றார்கள். அண்ணி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து தியேட்டர் வாசலில் நின்றார். வெகுநேரம் கழித்து என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்: "உள்ளார போவசொல்ல ரெண்டு காலாலயும் நடந்துதானே போனாரு, நீ பாத்தே இல்ல?"

"பாத்தேன் அண்ணி" என்றேன்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். குழாய் தப்பித்தது, தொடைச் சதையில் பெரும்பகுதியைச் சேர்த்து எடுத்துவிட்டோம், கால் இருக்கிறது என்றார். அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காயம் ஆறியதும் கதிர்வீச்சு. பட்டாபிராம் வீட்டிலிருந்து வாரக்கணக்கில் ரயிலேறிப் போய்வந்தார். இனி நின்று வேலை செய்ய முடியாது என்றாகிவிட, வீட்டோடு ஒரு சின்ன மளிகைக் கடை வைத்தார். அவர் மெஷின் எனக்கு வந்தது. இந்தத் திண்டு அவரைக் காப்பாற்றவில்லை என்று தெரியும், ஆனாலும் அவிழ்க்க மனசு வரவில்லை. குளிக்கும்போது என் தழும்புக்கு மேலே தடவிப் பார்ப்பது மட்டும் பழக்கமாகிவிட்டது. பட்டறையில் எல்லோருக்கும் அப்படித்தான்.

வெட்டி எடுத்தாலும் அது நுரையீரலில் போய் முளைக்கலாமாம். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை நெஞ்சை ஸ்கேன் எடுக்கிறார்கள். இன்று அந்த நாள். காலையிலிருந்து இங்கே யாரும் ரேடியோவைப் போடவில்லை. மத்தியானத்துக்கு மேல் என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மெஷினை நிறுத்தினேன். பக்கத்து மெஷின்களும் நின்றன. ஒரு கையால் போனைக் காதில் வைத்து, மறு கையால் இந்த டியூப் திண்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் கீறேன்டா" என்றார் அண்ணாத்தே. "மெஷினை ஓட்டு."