தலை கடைசியில் வரட்டும்

அலாரத்தை அணைக்க இடப்பக்கம் புரண்டேன். அவ்வளவுதான் செய்தேன். மின்விசிறி, பீரோ, ஜன்னல் எல்லாம் சேர்ந்து கிறுகிறுவென்று சுற்றின. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

"பித்தம்" என்றார் என் கணவர் ஜெயராஜ். பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்கள் தெரு முழுக்க அதையே சொன்னது. நான் வேலை பார்க்கும் கார்மெண்ட்ஸில் மட்டும் பிரஷர் என்றார்கள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் என்னைப் படுக்கவைத்து, தலையை இடப்பக்கம் திருப்பிவிட்டுக் கண்ணையே பார்த்தார். பொசிஷனல் வெர்டிகோ (தலையின் நிலை மாறும்போது வரும் சுழற்சி) என்றார். "உள்காதுல பொடிப்பொடியா துகள் இருக்கும்மா. அது இடம் மாறி வேற குழாய்க்குள்ள போயிருக்கு. தலையை வரிசையா திருப்பி, பழைய இடத்துக்கே அனுப்பிடலாம்."

இரண்டு முறை அப்படித் திருப்பினார். சரியாகிவிட்டது. மாத்திரைகூட அதிகம் இல்லை.

ஆனால் நான் படுக்கவில்லை. படுத்தால் வந்துவிடும் என்ற பயம். சோபாவில் மூன்று தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தே தூங்கினேன். கால் வீங்கியது, கழுத்து கட்டையானது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவேன். தையல் லைனில் நான் சூப்பர்வைசர். என் முதுகுக்குப் பின்னால் பெண்கள் ரோபோ என்று சிரித்தார்கள்.

"பஸ்ல தூங்குற மாதிரியே தூங்குறியே, எப்போ உன் ஸ்டாப்பிங் வரும்?" என்பார் ஜெயராஜ். சிரிப்பேன். அவர் கட்டிலுக்குப் போனதும் அழுவேன். ஒரு மனுஷி கேட்பதற்கு இது பெரிய ஆசையா? கால் நீட்டிப் படுக்க வேண்டும், அவ்வளவுதானே!

கழுத்துக்காகத்தான் பிசியோதெரபிஸ்ட் ரூபாவிடம் போனேன். கன்னடத்துப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவாள். ஒருநாள் அவள் போனில் ஒரு வீடியோவைப் பார்த்தேன். நீளமான ஒல்லிப் படகில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், படகு கவிழ்கிறது, மறுபக்கம் அவளோடு நிமிர்கிறது. கடல் கயாக்காம்.

"பெங்களூர்ல ஏதுடி கடல்? நம்ம நுரை பொங்குற ஏரியிலயா?"

"அய்யோ இல்ல மேடம், பழகுறது ஸ்விம்மிங் பூல்ல."

"தலைகீழா இருக்கறப்போ தலை சுத்தாதா?"

"சுத்துறது படகு மேடம்."

அந்தப் பதில் என்னை விடவில்லை. ஏன் சுற்றாது, எப்படிச் சுற்றாது என்று ஒரு வாரம் அவளைத் துளைத்தேன். நானும் பழகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "நாலு மாசமா சுழற்சி வரலல்ல? நெஞ்சளவு தண்ணி, பக்கத்துல தெரிஞ்ச ஆள். இருந்தா பண்ணுங்க" என்றார். இதே நோய் உள்ளவர்கள் தயவுசெய்து அவரவர் டாக்டரைக் கேளுங்கள். நான் செய்தேன் என்று குதிக்க வேண்டாம்.

ரூபா பழகியது பழைய முறை. பனிக்கடலில் தோல் படகில் வேட்டைக்குப் போனவர்கள் கண்டது. அந்தக் குளிரில் நீந்தினால் சாவு. படகோடுதான் நிமிர வேண்டும். துடுப்பு ஒல்லியான மரப்பலகை. அதைத் தண்ணீரின் மேல்பரப்பில் வளைத்து வீசிக்கொண்டே, முழங்காலால் படகைப் புரட்டி, முதுகைப் பின்னால் சாய்க்க வேண்டும். தலை கடைசியில்தான் வெளியே வரும்.

எனக்கோ தலைதான் முதலில் வந்தது. ஐந்து ஞாயிறு! மூக்கெல்லாம் குளோரின். ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்குவேன், படகு மறுபடி கவிழும், ரூபா இழுத்து நிமிர்த்துவாள். தோள் சேராத சட்டைக்குக் காலர் வைப்பது போலத்தான்.

"தலை கடைசி மேடம்!"

கோபம் வந்துவிட்டது. "நிறுத்துடி. மாசக்கணக்கா பொத்திப் பொத்தி வச்சிருக்கற தலை இது. அதைத் தண்ணிக்குள்ளயே விட்டுட்டு வரச் சொல்றியா?"

அவள் சிரிக்கவில்லை. "நீங்க தலையைக் காப்பாத்துறீங்க மேடம். அதான் படகு வரல."

ஆறாவது ஞாயிறு. கவிழ்ந்தேன். துடுப்பை வீசினேன், முழங்காலை உயர்த்தினேன். தலை வர்றேன் வர்றேன் என்றது, தூக்கவில்லை. தண்ணீரிலேயே கிடக்கட்டும் என்று விட்டேன்.

வானம் தெரிந்தது. தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன், ஏனென்றால் நான் படுத்திருந்தேன். பிறகுதான் மூச்சு விடுவது தெரிந்தது. படகின் முதுகில் என் முதுகு, முகத்துக்கு நேரே மேகம். சுற்றப்போகிறது என்று காத்திருந்தேன். எதுவும் சுற்றவில்லை.

"ஆய்த்து மேடம், வந்துட்டீங்க! எழுந்திருங்க!" என்று ரூபா கத்தினாள்.

"இரு ரூபா. கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்" என்றேன். காதில் வழிந்தது தண்ணீரா கண்ணீரா, தெரியாது.

அன்று மதியமே கட்டிலில் படுத்தேன்.

இது திரும்ப வரக்கூடிய நோய். போன மாதம் வந்தது. ஜெயராஜ் பதறி ஓடிவந்தார். "தூக்கி உட்கார வைக்கவா?"

"வேணாங்க. முடியட்டும்."

தலையைத் தூக்கவில்லை. கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். அறை சுற்றியது, மெதுவானது, நின்றது. அரை நிமிடம்கூட இருக்காது. அந்த அரை நிமிடத்துக்குப் பயந்தா ஆறு மாதம் உட்கார்ந்திருந்தேன்!

"போயிடுச்சா?" என்றார்.

"போயிடுச்சு. நீங்களும் படுங்க" என்று சொல்லி, அவருக்கு இடம்விட்டு நகர்ந்தேன்.