சும்மா இருந்த பீம்

“இல்லைங்க, கட்டடம் சாயல. கட்டுனதே அப்படித்தான்.”

யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ஜொகூர் பாருவில் மகள் ஷர்மினி குடியிருக்கும் கொண்டோ அடுக்குமாடியின் லிஃப்டில் யார் ஏறினாலும் சுகுமாறன் இதைச் சொல்லிவிடுவார். காலமெல்லாம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். போன மாதம்தான் தாத்தாவானார்.

உடைந்து சரிந்ததுபோலத் தெரிய வேண்டும் என்றே ஆர்க்கிடெக்ட் வரைந்த கட்டடம் அது. ஒரு சுவரும் நேராக இல்லை. தொட்டில் மாட்ட இடமில்லாமல் பேத்தி வீறிட்டு அழுதாள், வீடே தூங்கவில்லை. ஹாலின் குறுக்கே மட்டும் ஓர் இரும்பு பீம் கோணலாகப் போனது.

“அது எதுக்கு மாப்பிள்ளை?”

“சும்மா இருக்கு மாமா,” என்றார் மருமகன் ரூபேந்திரன். அழகுக்கு வைத்தது, எதையும் தாங்கவில்லை என்று சொல்ல வந்தார். சுகுமாறனோ, காலியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். மருமகன் வேலைக்குப் போனதும் அதில் தொட்டில் ஸ்பிரிங்கை மாட்டி, சாரோங் துணியில் தொட்டில் கட்டிவிட்டார். பேத்தி கண்மூடினாள்.

சாயங்காலம் திரும்பிய ரூபேந்திரன் பதறினார். “அலமாக்! அது டிசைனுக்கு வெச்சது மாமா! விழுந்தா?”

சுகுமாறன் தொட்டிலுக்கு ஓடினார். பேத்தியைத் தூக்கி மடியில் வைத்தவர், விடியும்வரை இறக்கவில்லை.

இன்று காலை கட்டடத்து இன்ஜினியர் வந்து ஏறிப் பார்த்தார். இரு முனையும் கான்கிரீட்டில் இறுக்கிய கெட்டி இரும்பு, தொட்டிலைத் தாராளமாகத் தாங்கும் என்றார்.

பேத்தியைத் தொட்டிலில் போட்டுவிட்டு சுகுமாறன் சோபாவில் சரிந்தார்.

“அப்பாடா! ஷர்மினி, இனி நான் தூங்கறேன். பிள்ளை அழுதா மாப்பிள்ளையக் கூப்பிடு லா.”