மடிச்சு ஓடுகிறவன்

எனக்குச் சோறு போடுவது அமெரிக்க ஃபுட்பால். சொன்னால் எங்கள் மலையாள ஊரின் சாலை பஜாரில் யாரும் நம்புவதில்லை. எங்கள் வேட்டிக்கடைக்கு அடுத்த மசாலாக்கடை மாமா இன்றைக்கும் என்னை நிறுத்தி, "மோளே, இந்தத் தடவை வேர்ல்டு கப்பு யாருக்கு?" என்று கேட்பார். மாமா, அது வேற இது வேற, இதில் பந்தைக் காலால் தொடுவதே அபூர்வம், பந்து உருண்டையாகவே இருக்காது, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று விளக்குவேன். "பின்னெ எதுக்கு ஃபுட்பால்னு பேரு வச்சான்?" என்பார். நியாயமான கேள்வி.

கழக்கூட்டம் என்கிற புறநகரில் கண்ணாடி போட்ட கட்டடம் ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் பையன்களின் வீடியோவைப் பார்த்து மார்க் போடுவது வேலை. வருஷா வருஷம் ஏப்ரல் மாசம் அங்கே டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிற பெரிய டீம்கள் ரவுண்டு ரவுண்டாக முறை வைத்து, கல்லூரிப் பையன்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி எடுத்துக்கொள்ளும். பேர் வந்தவனுக்கு வாழ்க்கை. வராதவன் பெரும்பாலும் அப்பா பார்த்த வேலையைப் பார்க்கப் போக வேண்டியதுதான். அந்த டீம்களில் ஒன்றுக்கு ஆள் தேடிக் கொடுக்கிற ஒரு கிழவருக்காக நாங்கள் வடிகட்டிக் கொடுத்தோம். ஒரு கோடு உண்டு. எங்கள் மார்க் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் கிழவர் அந்தப் பையனின் வீடியோவைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். அவருக்கும் நேரம் வேண்டாமா?

சேர்ந்த புதிதில் எனக்கு இந்த ஆட்டமே பிடிக்கவில்லை. ஹெல்மெட் போட்ட தடியன்கள் ஒருத்தன்மேல் ஒருத்தன் விழுகிறான்கள், எழுந்திருக்கிறான்கள், மறுபடி விழுகிறான்கள். இதைப் பார்க்கவா எம்.காம். படித்தோம் என்று கிழக்கேகோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் எரிச்சல் எரிச்சலாக வரும். பிறகு ஒருநாள் ஓர் ஓட்டத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

என் பங்கு ரன்னிங் பேக் என்கிற ஓட்டக்காரர்கள். பந்து பின்னாலிருந்து அவன் கைக்கு வரும். முன்னால் அவன் பக்கத்து ஆட்கள் எதிராளிகளை நெஞ்சோடு நெஞ்சு முட்டித் தள்ளிக்கொண்டிருப்பார்கள். எங்கேயோ ஒரு சந்து திறக்கும். கண் மூடித் திறப்பதற்குள் மூடிக்கொள்ளும். சில பையன்களுக்குச் சந்து திறப்பதற்கு முன்பே கால் அந்தப் பக்கம் போய்விடுகிறது! இன்னும் உண்டாகாத இடத்தைப் பார்த்து ஒரு மனுஷன் முழு வேகத்தில் ஓடுகிறான், அவன் போய்ச் சேரும்போது இடம் அங்கே இருக்கிறது. எனக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது. கோயில் நடையில் நின்றபோதுகூட எனக்கு அப்படிப் புல்லரித்ததில்லை, சாமி மன்னிக்கணும்.

எங்கள் வேலைக்கு ஒரு முறை உண்டு. பார்க்கிறவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்த ஒரு நொடி போச்சு. அதனால் நான் பார்த்துக்கொண்டே வாயால் சொல்லுவேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழி அதை இங்கிலீஷில் அடித்து, அந்த வார்த்தைக்குத் தகுந்தபடி மார்க்கும் போடுவாள். தோழி நெடுமங்காட்டுக்காரி, வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் மலையாளம். நான் சாலை பஜாரில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக் குடும்பம். என் தமிழில் பாதி மலையாளம் என்று திருநெல்வேலிச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், என் மலையாளத்தில் பாதி தமிழ் என்று இவள் சிரிப்பாள். "சந்து கண்டுட்டான், கேறிட்டான், ரெண்டு பேரு பிடிச்சும் நிக்கலை, கேட்டோ" என்று நான் நேர்முக வர்ணனை மாதிரி சொல்லச் சொல்ல, அவள் விரல் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படித்தான் ஒரு சீசன் முழுக்கத் தள்ளினோம். ஒருத்தர் சொல்வது ஒருத்தருக்குப் புரியாமல் போனதே இல்லை என்று எங்களுக்குப் பெருமை வேறு.

அந்த சீசனில்தான் குள்ளன் வந்தான். பேர் உண்டு, சொல்ல மாட்டேன், எங்களுக்கு அவன் குள்ளன். யாரும் கேள்விப்படாத ஒரு சின்னக் கல்லூரி. எதிரே வருகிறவன் நெஞ்சுக்குத்தான் இவன் உயரம். வேகமும் பிரமாதமில்லை. முதல் ஓட்டத்தைப் பார்க்கும்போது இவனை எதுக்கு அனுப்பினார்கள் என்று கொட்டாவி விட்டேன். அந்தக் கொட்டாவி பாதியில் நின்றது.

ஒரு மலை மாதிரியான ஆள் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே வந்தான். குள்ளன் விலகவில்லை. வேகத்தைக் குறைக்கவுமில்லை. மோதப் போகிற அந்தக் கணத்தில் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் மடிந்தன. எங்கள் கடையில் அப்பா எட்டு முழ வேட்டியை உதறி மடிப்பார், முனையோடு முனை சேர்ந்து நடுவில் காற்றுகூட நிற்காது, அந்த மாதிரி. ஆள் இருந்த இடத்தில் ஆளைக் காணோம். தடியன் வெறும் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். குள்ளன் அவன் கைக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் பிரிந்து நிமிர்ந்து, ஓடிக்கொண்டே இருந்தான்.

"அய்யோ, மடிச்சுட்டான்!" என்று கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு அவன் ஆட்டம் எது வந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் அது எப்படி நடக்கிறது என்று பிடிபடவில்லை. பயந்த உடம்பு விறைக்கும், இல்லாவிட்டால் ஒதுங்கும். இவன் உடம்பு பயத்தை எங்கே வைத்துவிட்டு வந்தது? "மடிச்சு கேறுதான்... மறுபடி மடிச்சான்... மடிச்சு மடிச்சு எப்படிக் கேறுதான் பாரேன்!" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த வார்த்தையை வேறு எந்தப் பையனுக்கும் நான் சொன்னதில்லை. வேறு யாரும் அதைச் செய்யவில்லை.

சீசன் முடிந்து மொத்த மார்க்கையும் கிழவருக்கு அனுப்ப வேண்டிய வாரம் வந்தது. கூட்டிப் பார்த்தால் குள்ளன் கோட்டுக்குக் கீழே கிடக்கிறான். கொஞ்சம் நஞ்சமில்லை, அதலபாதாளத்தில். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. அப்படியே அனுப்பினால் அந்தப் பையனின் முகத்தைக் கிழவர் பார்க்கக்கூட மாட்டார். தோழியின் நாற்காலியைப் பிடித்துத் திருப்பினேன்.

"எடீ, என்னடி போட்டு வச்சிருக்க? 'தயங்குகிறான், தயங்குகிறான், தயங்குகிறான்'னு பக்கம் பக்கமா அடிச்சிருக்க? எவன் தயங்கினான்?"

அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "நீ தன்னெயல்லே பறஞ்ஞது? மடிச்சு மடிச்சு கேறுந்நுன்னு ஆயிரம் பிராவஷ்யம் நீ பறஞ்ஞு!" நானேதான் ஆயிரம் தடவை அப்படிச் சொன்னேனாம்.

ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். மலையாளத்தில் 'மடிச்சு' என்றால் தயங்கி. அது எனக்குத் தெரியாததா? ஸ்கூலுக்குப் போக மடிக்கிற பிள்ளைகளோடுதானே நானும் வளர்ந்தேன். ஆனால் திரையைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும்போது எனக்குள்ளிருந்து வந்தது வேட்டிக்கடை வார்த்தை. அவள் காதில் விழுந்தது அவள் வீட்டு வார்த்தை. ஓட்டக்காரனுக்குத் தயக்கத்தைவிடப் பெரிய பாவம் கிடையாது. உலகத்தில் எவனிடமும் இல்லாத ஒன்று இவனிடம் இருந்தது, அதை ஒவ்வொரு தடவையும் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து அவன் குற்றமாக எழுதி வைத்திருந்தோம்.

அவள் கழுத்திலிருந்த துப்பட்டாவை உருவி, உதறி, முனையோடு முனை சேர்த்து மேஜைமேல் மடித்துக் காட்டினேன். "இது. இதைச் சொன்னேன்."

"என்டெ அம்மே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சாயாகூடக் குடிக்காமல் உட்கார்ந்து, குள்ளனின் ஓட்டங்களை மறுபடி பார்த்து எல்லாவற்றையும் திருத்தினோம். 'தயங்குகிறான்' இருந்த இடத்திலெல்லாம், மடிகிறான் என்பதற்கு இங்கிலீஷில் அவளுக்குத் தெரிந்த வார்த்தையைப் போட்டாள்: ஃபோல்ட்ஸ். மோதும்போது ஃபோல்ட்ஸ். மார்க்கும் ஏறியது, கோட்டுக்கு மேலே வந்தான். அனுப்பிவிட்டுப் பழம்பொரி வாங்கித் தின்றோம்.

அடுத்த நாள் சாயங்காலம் கிழவர் வீடியோ காலில் வந்தார். அவருக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. மனுஷன் கடுகடுவென்று இருந்தார். "மோதினால் சுருண்டு விழுகிறவன் என்று எழுதிவிட்டு இவ்வளவு மார்க் போட்டிருக்கிறீர்களே, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். அவர்கள் ஊரில் ஒருத்தன் ஃபோல்ட் ஆனான் என்றால் கதை முடிந்தது, தோற்றுப் படுத்துவிட்டான் என்று அர்த்தமாம். ஆக மலையாளத்தில் தயங்கினான், இங்கிலீஷில் படுத்தேவிட்டான். பாவி மகனே, உனக்கென்று ஒரு வார்த்தை இந்த உலகத்தில் இல்லையா என்று எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அந்த வயசான மனுஷனிடம் அவ்வளவு தைரியமாக எப்படிப் பேசினேனோ. "சார், நாங்கள் எழுதியது எதையும் படிக்க வேண்டாம். இதை மட்டும் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, ஓர் ஓட்டத்தைத் திரையில் போட்டேன். அந்த மலை மாதிரியான ஆள் வருகிற ஓட்டம்.

ஓடி முடிந்தது. கிழவர், "மறுபடி" என்றார். போட்டேன். "மறுபடி." அவர் முகம் திரைக்குப் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது, கடைசியில் நெற்றியும் கண்ணும் மட்டும்தான் தெரிந்தது. இந்த ஆட்டத்திலேயே நரைத்த மனுஷன், பொம்மைக்கடை வாசலில் நிற்கிற பிள்ளை மாதிரி பார்த்தார்.

"இதை உங்கள் மொழியில் என்னவென்று சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

"மடிப்பு."

"மாடிப்பூ" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். சரி செய்ய மனசு வரவில்லை. மூன்றாவது ரவுண்டின் கடைசியில் எங்கள் டீமின் முறை வரும், அப்போது இவன் பேரைச் சொல்லிப் பார்க்கிறேன், ஆனால் முடிவெடுக்கிறவன் நான் மட்டுமில்லை என்றார். உயரத்தைப் பார்த்தே உதட்டைப் பிதுக்குகிறவர்கள் அந்த அறையில் நிறையப் பேர் உண்டாம்.

ஏப்ரலில் விஷு கழிந்து, அந்த மூன்றாவது ரவுண்டு நடந்தது எங்கள் சனிக்கிழமைக் காலை. அப்பா கடை திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். துணி வெட்டுகிற மேஜைமேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, வந்த வேட்டிக்கட்டைப் பிரிக்கிற சாக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேர் பேராக வந்தது. எவனெவனோ வந்தான். எங்களிடம் குறைவாக மார்க் வாங்கிய ஓட்டக்காரன் ஒருத்தன்கூட வந்துவிட்டான். குள்ளனைக் காணோம். எனக்கும் அவனுக்கும் என்ன உறவு? அவன் குரலைக்கூட நான் கேட்டதில்லை. இருந்தும் காலையில் ஒரு இட்லி உள்ளே இறங்கவில்லை.

கிழவரின் டீமுக்கு முறை வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது, வேறு ஏதோ ஒரு டீம் குள்ளன் பேரைச் சொல்லிவிட்டது.

எனக்குப் புரியவே சில நொடி ஆயிற்று. நாங்கள் சண்டை போட்டது, திருத்தியது, கிழவரை உட்கார வைத்துக் காட்டியது எதற்கும் ஒரு வேலையும் இல்லை! எங்கேயோ முகம் தெரியாத யாரோ, நாங்கள் பார்த்த அதே ஓட்டத்தைப் பார்த்து, நான் வாய் பிளந்த அதே இடத்தில் வாய் பிளந்திருக்கிறார்கள். அதை அவர்கள் என்ன வார்த்தை சொல்லிக் கூப்பிட்டார்களோ. கொஞ்சம் சப்பென்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மறு நொடி உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. போனில் அவன் ஓட்டத்தைப் போட்டார்கள்.

அப்பா சாம்பிராணித் தட்டோடு எட்டிப் பார்த்தார். "ஏட்டி, யாரு இவன்? இந்தக் குனி குனியுதான்! இடுப்பு போயிராதா?"

"போகாதுப்பா. இவனுக்குப் போகாது."

அப்புறம் அவன் வீட்டைக் காட்டினார்கள். சின்ன முன்னறை, அடைத்துக்கொண்டு சொந்தபந்தம், எல்லாரும் குதிக்கிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் அவன் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். சின்னப் பிள்ளை முகம். காதில் போன், "எஸ் சார், எஸ் சார்" என்கிறான். போனை வைத்தான். பக்கத்தில் சோபாவில் குண்டாக ஓர் அம்மா, எழுந்திருக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைப் பார்த்துத் திரும்பினான். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில். எத்தனை தடியன்கள் மோதியும் தரையில் விழாதவன் அப்படியே கீழே போய், முகத்தை அவள் மேல் புதைத்துக்கொண்டான். அவள் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் வேட்டிக்கட்டின்மேல் தலையை வைத்து அழுதேன். அப்பா பயந்துபோய் தண்ணீர் கொண்டுவந்தார்.

போன் டிங் என்றது. நெடுமங்காட்டிலிருந்து தோழி. அவளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வரி அனுப்பியிருந்தாள்: "கண்டோ, அம்மேடெ மடியில்."

மடியில். அதற்கு அவள் மொழியிலும் என் மொழியிலும் ஒரே அர்த்தம்தான்.