கடைசியாய் வாங்கிய பாத்திரம்

இரணியலில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. துப்பினேன். துவைகல்லின் மேல் சிவப்பாகத் தெரிந்தது. எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் இல்லை.

க்ஷயம் (நுரையீரலை அரிக்கும் காசநோய்) என்று டாக்டர் சொன்னார். என் கணவர் செல்லத்துரை என் கையைப் பிடித்துக்கொண்டு, குணமாக எவ்வளவு காலம் ஆகும் என்று மட்டும் கேட்டார்.

சுதந்திரம் வந்த புதிது. புதிய ஊசிமருந்து எங்களைப் போன்றவர்களுக்கு எட்டவில்லை. எனக்குக் காற்றேற்றுச் சிகிச்சை (விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்திக் காற்றை நிரப்பி, புண்பட்ட நுரையீரலைச் சுருங்கவைத்து ஓய்வு கொடுப்பது) செய்தார்கள். ஊசி இறங்கும்போது மூச்சு நின்றுவிடும் போலிருக்கும். இன்று ஊசிக்குப் பயந்து படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: நிற்காது.

நெடுநாள் கழித்து, சளியில் கிருமி இல்லை என்று பலமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறரோடு ஒரே பாத்திரத்தில் குடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். தாராளமாகக் குடிக்கலாம் என்றார். கோயிலை நினைத்துத்தான் கேட்டேன். எங்கள் சபையில் திருவிருந்தின்போது எல்லோரும் ஒரே பாத்திரத்தில்தான் திராட்சரசம் அருந்துவோம்.

முதல் ஞாயிறு, பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தேன். அக்கம்பக்கம் காலியானது. கல்யாணமாகி வந்த நாள் முதல் என் அருகிலேயே உட்காரும் ஞானப்பூவும் எழுந்து முன்னால் போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த திருவிருந்தில் எல்லோருக்கும் முன்னால் போய் முழங்காலிடுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முந்தின நாள் ஆயத்த ஆராதனை. அவரவர் தம்மைச் சோதித்துப் பார்க்கும்படி சொல்லி, எங்கள் சபைப் போதகரான ஐயர் அதற்கு நேரம் கொடுத்தார். நானும் பார்த்தேன். என் உதடு பட்ட பாத்திரம் தன்னிடம் வரும்போது ஞானப்பூவின் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கும் ஆசைதான் உள்ளே இருந்தது. அவளுடைய தம்பி இதே நோயில் இறந்தவன். கடைசிவரை பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்தான்.

ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் போனேன்.

"ஐயரே, நான் எல்லாருக்கும் பொறவு கடைசியா வாறேன்."

"நீ சுகமானவளாக்கும். அப்படி ஒதுங்கி நிக்க வேண்டாம்."

"ஒதுங்கல்ல ஐயரே. அவங்களுக்க பயம் தீரும்வரை காத்து நிக்கேன்."

அப்படியே நின்றேன். சில மாதங்களில் இன்னொன்றும் தெரிந்தது. கடைசியாக நடந்து போகும்போது எல்லோரும் என்னைப் பார்ப்பது எனக்குப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அதையும் ஜெபத்தில் ஒளிக்காமல் சொன்னேன். அதன்பின் தலையைக் குனிந்தே போனேன்.

ஒரு திருவிருந்தில் எல்லோரும் போய் வந்த பிறகும் ஞானப்பூ எழவில்லை. நான் போய் முழங்காலிட்டேன். அவள் வந்து, பாத்திரம் எனக்கு அடுத்ததாகத் தன்னிடம் வரும் பக்கத்தில் முழங்காலிட்டாள். வாங்கியதும் என் உதடு பட்ட விளிம்பை ஒருமுறை பார்த்தாள். ஆனாலும் குடித்தாள்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "பயம் இன்னும் போகல்ல, கேட்டியா. ஆனா ஒன்னத் தனியா நிக்க விடவும் மனசில்ல."

பயம் தீர்ந்து குடித்திருந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். பயத்தோடு குடித்தாள். அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசாமல் என்னால் இருக்க முடிந்ததில்லை. காத்து நின்ற என்னைப் பற்றியும் கொஞ்சம் பெருமை உண்டு. அதை இப்போது மறைப்பதில்லை.

என் இடது நுரையீரல் முழுதாக விரிவதில்லை. கோயிலுக்கு ஏறும் மேட்டில் பாதியில் நிற்க வேண்டும். முன்பெல்லாம் இந்த உடம்பை விரட்டிக்கொண்டே இருப்பேன். இப்போது அது கேட்கும் நேரத்தைக் கொடுக்கிறேன். ஞானப்பூவும் கூடவே நின்று, வீட்டுக் கதை ஏதாவது சொல்கிறாள். மேலே மணி அடிக்கிறது. மூச்சு சீரானதும் நடக்கிறோம்.