அடம்பங்கொடியும் ஃபைவ் எஸ்ஸும்

தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பது எளிது. ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாமல் கடற்கரையில் குப்பை பொறுக்க ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் மனிதவளப் பிரிவில் இருக்கும் என் தலையில் அந்தப் பெரும்பாடு விழுந்தது. வார விடுமுறையன்று உங்களுக்கும் யாராவது டீ-ஷர்ட்டை மாட்டிவிட்டுக் கையில் சாக்குப்பையைக் கொடுத்திருந்தால், வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

பெயர் கொடுங்கள்

கேன்டீன் வாசலில் நின்று கெஞ்சினேன். ஒருவருக்கு மச்சான் கல்யாணம், இன்னொருவருக்கு முதுகுவலி. ஓ.டி. கிடையாது என்றதும் மிச்சப் பேருக்கும் முதுகு வலித்தது. கடைசியில் கைகொடுத்தவர் லைன் சூப்பர்வைசர் பரந்தாமன். பக்கத்துக் கிராமத்துக்காரர், அவர் குடும்பம் நெல் விளைவித்த இடத்தில் இப்போது ஒரு கிடங்கு நிற்கிறது. தன் லைனில் வேலை செய்யும் ஆட்களையே திரட்டிக்கொண்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வர்றோம் மேடம். ஆனா கடலுக்கும் ஒரகடத்துக்கும் இன்னா சம்பந்தம், அத மட்டும் சொல்லுங்க."

பளிச்சென்று ஒரு மேடு

கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். எங்கள் ஆட்களுக்கு ஃபைவ் எஸ் என்னும் தொழிற்சாலை ஒழுங்கு ரத்தத்தில் ஊறியது: வேண்டாததை எடு, வேண்டியதை வரிசையில் வை, தரை தெரியணும். பாட்டில், செருப்பு, அறுந்த வலை எல்லாம் மூட்டையான பிறகும் பரந்தாமனுக்குத் திருப்தியில்லை. குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த மணல்மேட்டில் ஏதோ கொடி தாறுமாறாகப் படர்ந்து கிடந்தது. அதில் சிக்கிய பிளாஸ்டிக்கை எடுக்கப் போனவர்கள், கொடியையே உருவி எறிந்தார்கள். மேடு மொட்டையடித்ததுபோல் பளிச்சென்று ஆனது. நானும் குஷியாகப் போட்டோ எடுத்தேன்.

மேட்டுக்குப் பின்னால் முதல் வீடு தேசம்மாவுடையது. மீன் விற்றுத் திரும்பியவர், தலைக்கூடையை இறக்காமல் நின்று பார்த்தார். அது அடம்பங்கொடியாம். காற்றில் ஓடும் மணலைப் பிடித்துவைத்து மேட்டை வளர்ப்பதே அதுதானாம். மழைக்காலத்தில் அலைக்கும் அவர் வீட்டுக்கும் குறுக்கே நிற்பது அந்த மேடு ஒன்றுதான். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"குப்பைய எடுக்க வந்தீங்களா, எங்க ஊட்ட எடுக்க வந்தீங்களா?"

ரீவொர்க்

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஷிஃப்ட் கெடுத்த பீஸை அடுத்த ஷிஃப்ட்டின் தலையில் கட்டக் கூடாது. கெடுத்த கைதான் சரிசெய்ய வேண்டும். திரும்பும் பஸ்ஸில் பரந்தாமன் ஜன்னலைப் பார்த்தபடி, "ரீவொர்க் பண்ணணும் மேடம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மேலதிகாரியிடம் பஸ் கேட்டேன். கொடியைப் பற்றியும் தேசம்மாவின் வீட்டைப் பற்றியும் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார், நல்ல மனிதர்.

"அந்த பீச்சுதான் முடிஞ்சிடுச்சேம்மா, வேற பீச் இல்லையா?"

முன்னாடியே வந்தது

பஸ் இல்லை, பேனர் இல்லை, வந்தவர்களும் பாதிதான். ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில், ரயிலில் வண்டலூர், அப்புறம் கேளம்பாக்கம் வழியாக பஸ். தேசம்மா முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே தள்ளியிருந்த மேட்டிலிருந்து கொடியை வெட்டிவந்து போட்டார். கணுக்களை மணலில் புதைத்துத் தண்ணீர் ஊற்றினோம். ஞாயிறுதோறும் இதே கதைதான்.

ஒருநாள் பரந்தாமன் குழி தோண்டும்போது நீல நிற மூடி ஒன்று வந்தது. பாகங்களின் துளையில் தூசி போகாமல் எங்கள் லைனில் மாட்டுவது அதேபோன்ற மூடிதான். தரையைக் கூட்டும்போது ஒன்றிரண்டு தப்பி வடிகாலுக்குள் போகும். வடிகால் ஏரிக்குப் போகும், ஏரி நிரம்பினால் அடையாற்றுக்கு, ஆறு கடலுக்கு, கடல் நீரோட்டம் இந்தக் கரைக்கு. உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"நம்ம பஸ் புடிச்சி வர்றோம், இது நமக்கு முன்னாடியே வந்து குந்திகினு கீது மேடம்."

கார்த்திகை

கொடி வேர்பிடித்தது, இலையும் விட்டது. படர்வதற்குள் புயல் வந்துவிட்டது. கொடியை நாங்கள் தொடாமல் விட்ட மேடுகள் இரண்டு பக்கமும் நின்றன. நாங்கள் பளிச்சென்று ஆக்கிய இடத்தை அறுத்துக்கொண்டு கடல் உள்ளே வந்தது. ஊர்க்காரர்கள் முன்கூட்டியே தேசம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனதால் உயிர் தப்பியது. வீட்டில் பின்சுவர் மட்டும்தான் மிச்சம்.

போய் நின்றோம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். தேசம்மா எங்களைத் திட்டவில்லை. அலை பிடுங்கிப் போட்டிருந்த கொடியில் பச்சை இருந்த துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினார். ஒரு கை நிறையச் சேர்ந்ததும் பரந்தாமனிடம் நீட்டினார்.

"என் ஊடு பூடுச்சி நைனா. பின்னாடி ஊட்டுக்காரி ஊடு கீது. அவளுக்காவ நடு."

சம்பளம் வாங்கும் வேலையை ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு உதறிவிடலாம். சம்பளமே இல்லாத இந்த வேலைக்கு யாரிடம் நோட்டீஸ் கொடுப்பது என்று மனிதவளப் பிரிவில் இருக்கும் எனக்கே தெரியவில்லை.